எதிர்வீட்டுக் குழாய் ரேடியோ

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு விசைத்தறிக்கு வந்தவன் நான்.

பெரிய பெட்டி ஸ்பீக்கர்கள் வந்த பிறகு, கூம்பு மாதிரி வாய் விரிந்த குழாய் ரேடியோவை யாரும் சீண்டவில்லை. இப்போது கல்யாண வீட்டார் குழாய்தான் வேண்டும், இசைத்தட்டுதான் வேண்டும் என்று வாசுதேவநல்லூரிலிருந்து கூட தேடி வருகிறார்கள். ரேடியோ செட் வாடகைக்கு விடும் எதிர்வீட்டுத் தம்பி, பரணில் கிடந்த குழாய்களுக்குப் பெயின்ட் அடித்து மொட்டை மாடியில் கட்டிவிட்டான். வருகிறவர்களுக்குச் சாயங்காலம்தோறும் போட்டுக் காட்டுவான். குழாயின் வாய் எங்கள் வீட்டைப் பார்த்திருக்கும். வேறு பக்கம் திருப்பினால் அந்தப் பக்கத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள் அந்த நேரத்தில்தான் போனில் பேசுவாள். அவள் மாமியார் கோயிலுக்குப் போகும் நேரம் அது ஒன்றுதான்.

“அப்பா, ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது…” என்று ஒரு நாள் ஆரம்பித்தாள். மீதியைப் பாட்டு விழுங்கிவிட்டது.

“என்ன மக்கா?” என்று கத்தினேன்.

“அங்கன என்ன, கல்யாண வீடாப்பா? சரி, அத்தை வந்துட்டாவ, வைக்கேன்.”

“குழாயைத் திருப்பி வையின்னு கேட்டா அவன் கடிச்சா தின்னுருவான்?” என்றாள் மனைவி. “வாய் உள்ளவன் பிழைக்கான். எனக்கு வாய்ச்சதைப் பாரு!”

மறுநாள் மாடி ஏறினேன். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து கல்யாணத்துக்கு ரேடியோ வாடகை பேச வந்த ரெண்டு பேர் நின்றிருந்தார்கள்.

“வாங்க அண்ணாச்சி! இவியதான் நமக்கு ரசிகர். ஒரு நாளாச்சும் சத்தம் போட்டிருப்பாவளா?”

“இல்ல தம்பி, அந்தக் குழாயை…”

“குழாய் கெடக்கட்டும். எந்தப் பாட்டு வேணும், சொல்லுங்க.”

மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். “எதுன்னாலும் சரி” என்று சொல்லிவிட்டு இறங்கினேன். நான் தெருவைக் கடப்பதற்குள் “எதிர்வீட்டு அண்ணாச்சியின் விருப்பப் பாடல்” என்று மைக்கில் அறிவித்தான். எனக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று குழாயை இன்னும் தாழ்த்தி, சரியாக எங்கள் வாசலுக்கே திருப்பினான்.

அந்த நேரம் பார்த்து மகள் அழைத்தாள், முகம் தெரிகிற வீடியோ போனில். ஒன்றும் கேட்கவில்லை. அவளும் கொஞ்ச நேரம் கத்திப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். பிறகு குரல் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். தறி ஓடும்போது நாங்கள் அப்படித்தான் பேசிக்கொள்வோம்; அவள் தறிகளுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளை.

“அடிக்காவப்பா. வந்துரட்டுமா?”

“வா” என்று நானும் உதட்டை அசைத்தேன்.

“என்னங்க சொல்லுதா?” என்று மனைவி என் காதில் கத்தினாள்.

விடிந்ததும் மகள் ஒரு பையோடு வந்து இறங்கினாள். எத்தனை நாளைக்கு வந்திருக்கிறாள் என்று தெருவில் கேட்கிறார்கள். நாளைக்கு மருமகன் வீட்டார் நாலு பெரிய மனிதர்களோடு அவளைக் கூட்டிப்போக வருகிறார்களாம். அனுப்ப மாட்டேன் என்று அவர்கள் முகத்துக்கு நேராக நான்தான் சொல்ல வேண்டும்.

சங்கரன்கோவில்,
ஆவணி மாதம், மூன்றாவது சனிக்கிழமை.