மைலோவின் கால்களில் எழுதிய பாடம்

வெர்னா ஹூடாக் நாற்பத்தாறாவது வயதில் கல்லூரிக்குப் போனாள். படிப்புக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. அவள் புருஷன் மைலோ தன் இரண்டு கால்களையும் கொடுத்தான்.

பென்சில்வேனியா மலைக்குள் இருக்கும் எங்கள் ஊரில் சம்பளம் வாங்கும் தீயணைப்பு வீரர் ஒருவர்கூடக் கிடையாது. சைரன் கேட்டதும் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருகிறவர்கள்தான் படை. நான் அதன் செயலாளர். வீடுகளுக்குக் கூரை போடும் மைலோதான் எப்போதும் முதல் ஆளாக வந்து நிற்பான். மாட்டுத்தீவனக் கிடங்கு எரிந்த அன்றும் அவன்தான் முதலில் உள்ளே போனான். மாடியில் சிக்கியிருந்த காவலாளியை ஜன்னல் வழியாக ஏணியில் இறக்கிவிட்டான். தான் இறங்குவதற்குள் தளம் இடிந்துவிட்டது. முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. சக்கர நாற்காலிதான் இனி என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

பணியில் இறந்தவர்களின் குடும்பத்துக்கும், நிரந்தரமாக முடங்கியவர்களுக்கும் வாஷிங்டனிலிருந்து உதவித்தொகை உண்டு. எங்களைப் போன்ற தன்னார்வலர்களுக்கும் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டும். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த வெர்னா, வேலை முடிந்ததும் காகிதக் கட்டோடு என் மேஜைக்கு வந்துவிடுவாள்.

"ஆர்லோ, அன்னைக்கு மைலோவை யாராவது கூப்பிட்டாங்களா, இல்ல தானா போனாரான்னு கேக்கறாங்க."

"சைரன் கூப்பிட்டுச்சு."

"சைரன் கையெழுத்துப் போடாதே. நீ போடு."

போட்டேன். காவலாளியும் போட்டார். அன்று குழாய் பிடித்த பத்தொன்பது பேரும் போட்டார்கள். அப்படியும் இரண்டு வருஷம் ஆயிற்று. அனுமதிக் கடிதம் வந்த அன்று வெர்னா அதை என் எதிரிலேயே உட்கார்ந்து கடைசிப் பக்கம்வரை படித்தாள்.

"இங்க பாரு. பிள்ளைங்களோ வாழ்க்கைத்துணையோ காலேஜ்ல படிச்சா மாசாமாசம் பணம் தருவாங்களாம். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. துணைன்னா நான்தானே?"

"வேற யாராவது இருக்காங்களான்னு மைலோகிட்ட கேட்டுச் சொல்றேன்."

கடித உறையாலேயே என் தலையில் அடித்தாள்.

மைலோவின் கால்கள் இறுகிவிடாதபடி பயிற்சி கொடுக்க வருகிறவர்களை அவள் இரண்டு வருஷமாகக் கவனித்திருந்தாள். அதே வேலையைத்தான் படிக்கப் போனாள். பிசியோதெரபி உதவியாளர் படிப்பு. முதல் நாள் வகுப்பில் ஒரு பெண் இவளைப் பார்த்து எழுந்து நின்று, "வணக்கம் மேடம், எனக்கு ஒரு வாரம் லீவு வேணும்" என்றாளாம். "தாராளமா எடுத்துக்கோம்மா, ஆனா டீச்சர் இன்னும் வரல" என்று சொல்லிவிட்டு வெர்னா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

முதல் பரீட்சையில் தோற்றாள். தசைகளின் பெயர்கள் மனதில் நிற்கவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்காமலே இருந்தாள். மைலோ நாற்காலியை உருட்டிக்கொண்டு போய்க் கண்ணாடியைத் தட்டினான்.

"எனக்கு உடம்புல பாதி வேலை செய்யல, சமாளிக்கறேன். உனக்கு ஒரு பரீட்சைதானே வேலை செய்யல? பேனாவை எடுத்துட்டு வா."

அன்றிலிருந்து அவன் தொடையிலும் கெண்டைக்காலிலும் கோடு போட்டு ஒவ்வொரு தசையின் பெயரையும் எழுதினாள். வெள்ளிக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் ஊரே கூடி மீன் வறுவல் சாப்பிடும்போது, மைலோ அரைக்கால் சட்டையோடு வந்து சேர்ந்தான்.

"என்னடா மைலோ, காலெல்லாம் கிறுக்கி வெச்சிருக்கு?"

"கிறுக்கல் இல்ல, பாடம். திங்கக்கிழமை வரைக்கும் குளிக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"அப்ப கொஞ்சம் தள்ளி உக்காரு."

அன்று சாப்பிட வந்தவர்கள் எல்லோரும் தட்டும் கையுமாக அவன் காலைப் பார்த்து வெர்னாவிடம் கேள்வி கேட்டார்கள். பன்னிரண்டு கேள்வியில் ஒன்றுதான் தப்பு. மறுபரீட்சையில் அதுவும் இல்லை.

பட்டமளிப்புக்குப் படை முழுக்கத் தீயணைப்பு லாரியில் போனோம். சைரன் அடிக்கக் கூடாது என்று கல்லூரியில் முன்கூட்டியே எங்களிடம் கேட்டுக்கொண்டார்கள். வெர்னா பெயரை வாசித்ததும், மைலோ பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத அம்மாவிடம் திரும்பினான்.

"அது என் பொண்டாட்டி."

"தெரியும் தம்பி. இதோட நாலு தடவை சொல்லிட்டீங்க," என்றார் அந்த அம்மா. சொல்லிவிட்டு எங்களுக்கு முன்னால் அவரே எழுந்து நின்று கைதட்டினார்.

அடுத்த வாரம் மாவட்ட மருத்துவமனையில் வேலை தயாராக இருந்தது. பட்டமளிப்பு முடிந்து திரும்பும் வழியில், மதியம் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினோம். இரண்டு வருஷத் தூக்கம் பாக்கி போலிருக்கிறது. கறுப்பு அங்கியோடு, முள்கரண்டியைப் பிடித்தபடியே வெர்னா உட்கார்ந்து தூங்கிப்போனாள். மைலோ அந்தக் கரண்டியை மெதுவாக உருவி, செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட அவளுடைய இனிப்பைத் தன் பக்கம் இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தான்.

"எழுந்தா யாரும் சொல்லாதீங்க," என்றான்.

அவள் எழுந்ததும் அத்தனை பேரும் சொன்னோம்.