பதினோராவது மருந்து

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தை இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவரை எல்லோரும் வெள்ளைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் நல்ல கறுப்பு. வெளுத்து வருகிற ஒவ்வொரு விரிப்பையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கடுகளவு கறை தெரிந்தாலும் திரும்ப மெஷினுக்குள் தள்ளிவிடுவார். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர்.

பத்தொன்பது வயதில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை இறைச்சிக்கூடத்தில் தரை கழுவுவது. காலையில் போனவர் மத்தியானமே வீடு திரும்பிவிட்டார். அன்றைக்கு விட்டதுதான், உயிரைக் கொன்று வருகிற எதையும் அவர் தொட்டதில்லை. முட்டையும் கிடையாது. தோல் செருப்பு போடமாட்டார். கல்யாணத்துக்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிட்டதால், மனைவியும் அவருக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். யாரிடமும் போய்ப் பிரசங்கம் செய்கிற வழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் யாராவது கேட்டால் போதும், கதையை முதலிலிருந்து தொடங்கிவிடுவார். சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அது மனப்பாடம்.

அந்த வருஷம் ஃப்ளூ காய்ச்சல் வேகமாகப் பரவியது. ஆஸ்பத்திரிக்குள் வேலை செய்கிற எல்லோரும் தடுப்பூசி போட்டாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. கரு வளர்கிற முட்டைக்குள் வைத்துத்தான் அந்த மருந்தைத் தயாரிக்கிறார்கள் என்று வெள்ளைக்காரர் எங்கோ படித்திருந்தார். தலைமை நர்ஸிடம் போய், பணிவாகவே, தனக்கு வேண்டாம் என்று சொன்னார். அந்த அம்மாள் கோபப்படவில்லை. கொள்கைக்காக மறுக்கிறவர்களுக்கென்று நிர்வாகம் ஒரு படிவம் வைத்திருக்கிறது, அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும் என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்தனுப்பினார்.

துணி மூட்டை மேல் உட்கார்ந்து அவர் அதைப் படித்தார். ‘இதே காரணத்துக்காக, கீழ்க்கண்ட மருந்துகளையும் நானோ என் சம்மதத்தோடு என் வீட்டாரோ பயன்படுத்துவதில்லை’ என்று இருந்தது. கீழே பத்தொன்பது மருந்துகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்தப் பிராணியிலிருந்து வருகிறது என்ற குறிப்பு. நான்காவது, ஜெலட்டின் உறை போட்ட கேப்சூல்கள். போன மாதம் இருமலுக்கு ஐந்து நாள் விழுங்கியது அவர் ஞாபகத்துக்கு வந்தது. தெரியாமல் செய்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டார். பதினோராவது வரியில் அவர் கண் நின்றுவிட்டது. ஹெப்பாரின். ரத்தம் உறையாமல் இருக்க டயாலிசிஸின்போது கொடுப்பது. பன்றிக் குடலிலிருந்து எடுப்பது.

அவர் மனைவிக்குச் சிறுநீரகம் செயலிழந்து மூன்று வருஷம் ஆகிறது. வாரம் மூன்று நாள், அதே கட்டடத்தின் மேல்மாடியில், நாலு மணி நேரம் டயாலிசிஸ் நாற்காலியில் இருப்பாள். அவளுடைய ஃபைலில் அந்தப் பெயரை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார்.

அன்றைக்கும் அவள் மேலேதான் இருந்தாள். வழக்கம்போல இடைவேளையில் போய்ப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கால்மாட்டில் போர்வையைச் சரிசெய்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. கையில் இருந்த தாளை அவளே வாங்கிப் படித்தாள்.

“தெரிஞ்சுபோச்சா?” என்றாள்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“ரெண்டாவது தடவை வந்தப்பவே நர்ஸ்கிட்ட கேட்டேன்.”

“எங்கிட்ட சொல்லலையே.”

அவள் மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “சொன்னா, வேணாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சுங்க.”

அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டேன் என்று சொல்ல வாய் எடுத்தார். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன்னால் தான் என்ன சொல்லியிருப்போம் என்று அவருக்கே நிச்சயமில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டார்.

இரண்டு நாள் அந்தத் தாள் அவர் சட்டைப்பையிலேயே கிடந்தது. விரிப்புகளை மடித்துக்கொண்டே அவர் யோசித்தார். அவளுக்கு அந்த மருந்து இல்லாவிட்டால் உயிர் இல்லை. தனக்கு இந்த ஊசி வெறும் முன்னெச்சரிக்கை. இரண்டும் ஒன்றா? இல்லை என்று முதலில் தோன்றியது. அந்த எண்ணம் ஆறுதலாகவும் இருந்தது. ஆனால் அந்த ஊசி யாருக்கான முன்னெச்சரிக்கை என்று அடுத்து ஒரு கேள்வி வந்தது. மேல்மாடி நாற்காலிகளில் இருக்கிறவர்களுக்குக் காய்ச்சல் தொற்றினால் பிழைப்பது கஷ்டம். அவர் கை பட்ட போர்வைதான் அங்கே போகிறது. வாரம் மூன்று நாள் அங்கே போய் உட்காருகிறவரும் அவர்தான். இன்னொன்றையும் அவர் தனக்குத்தானே ஒப்புக்கொண்டார். ஊசி என்றால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே உதறல். கொள்கை கைகொடுத்ததில் கொஞ்சம் நிம்மதியும் இருந்திருக்கிறது.

மூன்றாம் நாள் தலைமை நர்ஸிடம் போனார்.

“இதுல நான் கையெழுத்துப் போட முடியாது சிஸ்டர். போட்டா அது பொய்.”

“அப்போ ஊசி போட்டுக்கறீங்களா அண்ணே?”

“போட்டுக்கறேன். ஆனா அது சரிதான்னு எங்கிட்ட எழுதி வாங்காதீங்க. அந்த முட்டைக்குள்ள இருக்கற உயிருக்கு நடக்கறது தப்புன்னுதான் இப்பவும் நினைக்கறேன்.”

அந்த அம்மாள் தாளை வாங்கி மேஜை டிராயருக்குள் போட்டார். அந்தப் படிவமே ஆளை மடக்கத் தயாரித்ததுதான், தனக்கும் அது பிடிக்கவில்லை என்றார். எல்லாம் தின்கிற நான் உங்களிடம் இதை நீட்டியது எனக்கே கூச்சமாக இருந்தது என்றும் சொன்னார். பிறகு அவரே ஊசியைப் போட்டுவிட்டார். வெள்ளைக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். இரண்டு நாள் கை தூக்க முடியவில்லை.

சலவைக்கூடத்தில் கேலிக்குக் குறைவில்லை. இனிமேல் கேண்டீனில் உங்களுக்கும் கறி சொல்லிவிடலாமா என்று இஸ்திரி போடுகிற பெண் கேட்டாள். அவர் சிரித்து வைத்தார். பழைய இறைச்சிக்கூடக் கதையை மட்டும் அதற்குப் பிறகு அவர் யாரிடமும் எடுக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து மனைவி இன்னொன்றும் சொன்னாள். உடம்பில் சத்து குறைகிறது என்று டாக்டர் சொன்னதால், ஒரு வருஷமாகத் தங்கச்சி வீட்டில் போய் முட்டையின் வெள்ளைக்கருவைச் சாப்பிட்டு வருகிறாளாம். அதற்காக வெயிலில் அவ்வளவு தூரம் அலைய வேண்டாம், வீட்டிலேயே அவித்துக்கொள் என்றார். தனியாக ஒரு சின்னப் பாத்திரமும் வாங்கி வந்தார். அவர் மட்டும் இன்றுவரை தொடுவதில்லை. மருந்துக்கடையில் கேப்சூலுக்குப் பதில் மாத்திரை இருக்கிறதா என்று கேட்பார். இல்லை என்றால், இருப்பதை வாங்கி, என்னவென்று தெரிந்தே விழுங்குவார்.