கம்பவுண்டரின் குறுக்கு விசாரணை

நாயின் வாயைப் பிளந்து முகர்ந்து பார்த்த கம்பவுண்டர், நாயை விட்டுவிட்டு அதை வளர்ப்பவரை முறைக்கிறார். "சாக்லேட்டு. எத்தனை துண்டு?"

"ஐயோ, நாங்க ஒண்ணுமே குடுக்கலைங்க."

"அப்ப அதுவே கடைக்குப் போய் வாங்கிச்சா?"

எங்கள் நாய் ஆஸ்பத்திரியில் ஊசி போடுவது டாக்டர். உண்மையைக் கறப்பது இவர். ஒல்லி உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி, வாய் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும். தம்பதியாக வந்தால் கணவரை எடை மேடைப் பக்கமும் மனைவியைச் சீட்டு எழுதும் மேசைப் பக்கமும் பிரித்து நிறுத்தித் தனித்தனியாகக் கேட்பார். இரண்டு கதையும் ஒத்துப்போனதாகச் சரித்திரமே இல்லை.

நானும் மாட்டியிருக்கிறேன். ஆம்லெட்டில் வெங்காயத்தைப் பொறுக்கிவிட்டுத்தான் கொடுத்தேன் என்று சாதித்தேன்.

"பொறுக்கினா? சாறு இறங்கியிருக்காதா? வெங்காயம் அதுங்க ரத்தத்துக்கே ஆகாது சார். உங்க பாசத்தைக் கொஞ்சம் மூட்டை கட்டி வைங்க."

அத்தனை பேர் எதிரில் மானம் போனது. அன்றிலிருந்து இந்த மனிதர் என்றைக்காவது சிக்கமாட்டாரா என்று காத்திருந்தேன், பொய் சொல்வானேன்?

போன செவ்வாய்க்கிழமை காலை சிக்கினார். தன்னுடைய கொழுத்த பெண் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடி வந்தார். வீட்டிலேயே இரண்டு முறை வாந்தியாம். மேசையில் கிடத்தியதும் மூன்றாவது முறை.

"என்ன சாப்பிட்டா?" என்றார் டாக்டர்.

"வழக்கமான சாப்பாடுதான் டாக்டர்."

காத்திருந்த நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குச் சிரிப்பு முட்டியது. அவர் தன் சட்டை நுனியால் நாயின் வாயைத் துடைப்பதைப் பார்த்ததும் அடங்கிப்போனது.

"வாந்தியில உலர்ந்த திராட்சை கிடக்கேய்யா."

"கீழ விழுந்தது... ஒண்ணு ரெண்டு எடுத்திருப்பா."

"ஒண்ணு ரெண்டா? கிட்னியே போயிடும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற ஆள் நீ. எவ்வளவுன்னு சரியாச் சொன்னாத்தான் நான் காப்பாத்த முடியும்."

கம்பவுண்டரின் குரல் உள்ளே போய்விட்டது. "அப்படிப் பாக்குறா, டாக்டர். அப்படிப் பாத்தா நான் என்ன பண்ணுவேன்?"

கம்பவுண்டர் எங்கள் பக்கம் திரும்பாமல், கால்சட்டைப் பையிலிருந்து கசங்கிய காலித் திராட்சைப் பாக்கெட் ஒன்றை எடுத்தார். அதை மேசையில் வைத்து, எடை அச்சடித்திருந்த பக்கம் மேலே தெரியும்படி விரலால் நீவிவிட்டார்.