மச்சானின் பாதி முறை

நாங்கள் செய்தது சைலன்சர். பதினோரு வருஷம் அதே வெல்டிங் வரிசை, அதே கண்ணாடி, அதே புகை. கரண்ட் காருக்கு சைலன்சர் வேண்டாம் என்பது எங்களுக்குத் தெரியாமலா இருந்தது? சத்தமே இல்லாமல் ஒரு கார் கடந்துபோனால் அதைக் கேன்டீனில் சொல்லிச் சிரிப்போம். மூன்று ஷிப்ட் இரண்டானது, இரண்டு ஒன்றானது. ஒரு நாள் மேலாளர் எங்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு கடிதம் கொடுத்தார். அன்றைக்கும் கம்பெனி பஸ்ஸிலேயே மீஞ்சூர் வரை கொண்டுவந்து விட்டார்கள். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

ஆறு மாதம் வேறு வேலை தேடி அலைந்தேன். வயது நாற்பத்திரண்டு என்றதும் எல்லோர் முகமும் மாறும். அந்தக் கதையைச் சொல்லவே அலுப்பாக இருக்கிறது. கடைசியில் எங்கள் ஊர் ஏரியில் இறால் பிடிப்பதுதான் என்று முடிவானது.

ஆனால் எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் இறங்கிவிட முடியாது. இறால் வலை கட்டும் இடங்களைப் பாடு என்போம். ஊரின் தலைக்கட்டுப் பட்டியலில் பெயர் இருக்கிற ஆண்களுக்கு மட்டும் முறை வைத்துப் பாடு கிடைக்கும். என் பெயர் அதில் இல்லை. யாரும் என் பெயரை எடுக்கவில்லை. வேலை நிரந்தரமான வருஷம் நானே ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, "எம்பேர எடுத்துடுங்க, எனுக்கு இனிமே எதுக்கு?" என்று சொன்னேன். அதுவும் கம்பெனிச் சட்டையோடு. அந்தத் திமிரை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மறுபடி பெயர் சேர்க்கச் சொல்லிக் கோயில் வாசலில் கூட்டத்தின் முன் நின்றேன். முதலில் எதிர்த்தவர் என் மச்சான், என் மனைவியின் அண்ணன்.

"இவர மாதிரி இன்னும் நாலு பேரு கம்பெனிலேர்ந்து வந்து நிக்கிறாங்க. எல்லாரையும் சேத்தா நம்ம மொற எப்போ வரும்? ஏரி இன்னா பெருசாவுதா?"

அவர் கேட்டது நியாயம்தான். ஊர்ப் பெரியவர், புது முறை யாருக்கும் கிடையாது, சொந்தக்காரர் எவராவது தன் முறையில் பாதியை விட்டுக்கொடுத்தால் இறங்கிக்கொள்ளலாம் என்று தீர்த்துச் சொன்னார். நைனா போய்ச் சேர்ந்துவிட்டார், எனக்கு அண்ணன் தம்பியும் இல்லை. எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்தார். தன் தங்கச்சி கொடுத்த டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "ஒரு மொற நான் போறேன், அடுத்த மொற நீ போ மாப்ள. அவள பட்னி போட்டுட்டு நான் மட்டும் இன்னாத்த துன்றது?" என்றார். என் மனைவி உள்ளே போய் அழுதாள். மச்சானுக்குப் பள்ளிக்கூடம் போகிற பெண்கள் இரண்டு பேர். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் மகளின் படிப்பு நின்றுவிடக் கூடாது என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

என் முதல் முறை வந்தது. வலைக்குக் கழி ஊன்றக் கை மறந்திருந்தது. ஊன்றுகிறேன், சாய்கிறது. "வெல்டு வெச்சு ஒட்டு" என்று கூட வந்தவர்கள் கேலி செய்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனாலும் இறால் நன்றாகவே விழுந்தது.

கரைக்கு வந்தபோது மச்சான் அங்கே உட்கார்ந்திருந்தார். வேலையில்லாத நாள் அவருக்கு. துவைத்த சட்டை போட்டிருந்தார். கூடையை இறக்க ஒரு கை கொடுத்தார். இறாலைப் பார்த்தார்.

"மாப்ள, மீஞ்சூர் பக்கம் கம்பெனிங்கள்ல எதுனா வேல கெடைக்குமா? வாட்ச்மேன் வேலன்னாலும் பரவால்ல. உனுக்குத் தெரிஞ்சவங்க யாருனா கீறாங்களா?"

எனக்குத் தெரிந்தவர்களெல்லாம் என்னோடு சேர்த்து வெளியே அனுப்பப்பட்டவர்கள்தான். கம்பெனி என் வேலையைப் பிடுங்கியது, நான் இவருடைய வேலையில் பாதியைப் பிடுங்கிவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"விசாரிச்சு சொல்றேன் மச்சான்" என்றேன். அந்த ஆறு மாதமும் எல்லோரும் என்னிடம் சொல்லி அனுப்பியதும் அதைத்தான்.