மூன்றாம் நாள் சுட்ட கிழங்கு வடை

இந்த நாட்டில் உருளைக்கிழங்கு வாங்கப் போனால் முதலில் நாட்டைச் சொல்ல வேண்டும். தஞ்சோங் காராங் சாலையோரக் கடையில் சீனா ஒரு கூடை, பங்களாதேஷ் ஒரு கூடை, ஹாலந்து ஒரு கூடை என்று அட்டை குத்தி வைத்திருப்பார்கள். கல்யாணமாகி வந்த முதல் மாதம், கடைக்கார மலாய் அக்கா "சீனா? பங்களா?" என்று கேட்டாள். என்னைத்தான் எந்த நாடு என்று விசாரிக்கிறாள் என்று நினைத்து நிமிர்ந்து நின்று "இந்தியா" என்றேன். அவள் கூடைகளை ஒரு தடவை பார்த்துவிட்டு, "இந்தியா தாக் அடா" என்றாள். இந்தியா இல்லையாம். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவர் குமார் சோற்றுத் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தார். ஒன்பது வருடமாகிறது. இப்போது எந்த நாட்டுக் கிழங்கு நன்றாக மசியும், எது தண்ணீர் விடும் என்று அந்த அக்காவுக்கே நான் சொல்வேன்.

எனக்குக் கிழங்கு பார்க்கத் தெரிந்தது அப்பாவால். அவர் ஒட்டன்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்கினார். மழையில் லாரி வராமல் வேலை இல்லாத நாட்களில் எங்கள் வீட்டு அடுப்படி அவருடையது. அடிபட்ட கிழங்குகளைத் துண்டில் முடிந்துகொண்டு வருவார். தோலோடு வேகவைத்து, கை பொறுக்காத சூட்டிலேயே உரித்து, உள்ளங்கையால் மசிப்பார். கரண்டியால் மசித்தால் அவருக்குக் கோபம் வரும். வெங்காயம், பச்சை மிளகாய், சோம்பு, கறிவேப்பிலை, ஒரு கை பொட்டுக்கடலை மாவு, அவ்வளவுதான். தட்டையாகத் தட்டி வடச்சட்டியில் போட்டுப் பொன்னிறமாக எடுப்பார். எங்களுக்கு அது கிழங்கு வடை. யாரையும் உட்காரவைத்து ஆறுதல் சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் நான் தோற்ற அன்று அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, கிழங்கை அடுப்பில் வைத்தார். நான் விமானம் ஏறுவதற்கு முந்தின நாளும் அதையேதான் செய்தார்.

இங்கே அதற்கு அண்ணன் தம்பி முறையில் ஒன்று இருக்கிறது, பெர்கெடில். மலாய்க்காரர் பலகாரம், ஆனால் தமிழர் வீடுகளிலும் சுடுகிறார்கள். முட்டையில் முக்கிப் பொரிப்பார்கள். கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்து, அங்கேயே களை வெட்டி ஓய்ந்தவர் என் மாமியார். நான் முதன்முதலில் தட்டி வைத்த கிழங்கு வடைகளை என்னைக் கேட்காமலே முட்டையில் முக்கிவிட்டார். நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். முதலில் என்னுடையது வெறுமனே, அப்புறம் அதே எண்ணெயில் அத்தையுடையது முட்டையோடு. குமார் இரண்டையும் தின்பார். அவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஏதாவது சொல்லிவிட்டால் வந்து சமையலறை மேசையில் பேசாமல் உட்காருவார். நானும் எதுவும் கேட்காமல் கிழங்கை வேகப் போடுவேன்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு நாள் அப்படித்தான் வந்து உட்கார்ந்தார். மதியமே வந்துவிட்டார். முகம் சரியில்லை. மண்டோர்தான் என்று முடிவு கட்டிக் கிழங்கை எடுத்தேன். அத்தை வந்து, "இன்னைக்கு எண்ணெய் வேணாம்மா, எனக்கு இருமலா இருக்கு" என்றார். சரி என்று ரசம் வைத்தேன். மறுநாள் பார்த்தால் எண்ணெய்ப் போத்தலைக் காணோம். இங்கே வடச்சட்டியை குவாலி என்பார்கள். அந்த குவாலி பின்கட்டில் தண்ணீர் ஊற்றி ஊறிக்கொண்டிருந்தது. சாயங்காலம் நான் விளக்கேற்றப் போனபோது அத்தை முந்திக்கொண்டார். எட்டு வருடமாக என் கையிலிருந்த தீப்பெட்டியை அன்று பிடுங்கிக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றியது. வயதாக ஆக மாமியார்த்தனம் ஏறுகிறது என்று மனதுக்குள் கறுவினேன்.

மூன்றாம் நாள் காலை அத்தைக்குச் சர்க்கரை பார்க்கும் முறை. குமார் அவரைக் கிளினிக்கில் விட்டுவிட்டு வந்தார். ஆள் இல்லாத சமயம் பார்த்துப் போத்தலைத் தேடியெடுத்தேன், அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது. குவாலியைத் துடைத்து அடுப்பில் ஏற்றினேன். ஜெயித்த சந்தோஷத்தில் பன்னிரண்டு வடை சுட்டேன். குமாருக்கு நான்கு வைத்தேன். குனிந்த தலை நிமிராமல் நான்கையும் தின்றார். நான் ஐந்து தின்றேன். மிச்சத்தைத் தட்டில் அழகாக அடுக்கிப் படம் எடுத்து, ஊரில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பினேன். "அப்பாகிட்டக் காட்டு. அவர் பக்குவம் எனக்கும் வந்துருச்சுன்னு சொல்லு" என்று எழுதினேன். அண்ணன் கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்றை அனுப்பினான்.

அந்த இரண்டு வாரமும் அம்மா குரலில் மட்டுமே பேசினார். போனில் கேமரா ரிப்பேர் என்றார். அப்பா தூங்குகிறார், அப்பா சந்தைக்குப் போயிருக்கிறார், அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. நானும் நம்பினேன். அம்மாவிடம் அத்தையைப் பற்றிக் குறை சொன்னேன். "அடுப்புல வடச்சட்டி வைக்க விடமாட்டேங்கறாங்கம்மா. எண்ணெயை ஒளிச்சு வைக்கறாங்க. நான் என்ன சின்னப் புள்ளையா?" லைன் போய்விட்டது என்று நினைத்து இரண்டு தடவை கூப்பிட்டேன். அப்புறம் அம்மா, "அத்தை சொல்றதக் கேட்டு நடந்துக்க கண்ணு" என்றார். அம்மாவும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டாரே என்று கோபித்துக்கொண்டு போனை வைத்தேன்.

பதினேழாம் நாள் காலையில் குமார் லோரிக்குப் போகவில்லை. என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அத்தை கதவோரம் நின்றார். "உங்கப்பா போயிட்டாருமா" என்று குமார் சொன்னதும் எழுந்துவிட்டேன், இன்றைக்கே கிளம்ப வேண்டும் என்றேன். "நேத்துதான் கருமாதி முடிஞ்சிச்சு" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. கருமாதி என்றால் பதினாறு நாள் ஆகிவிட்டது. சந்தைக்குப் போனவர், தொண்டை கட்டியவர், தூங்கியவர் எல்லோரும் அந்தப் பதினாறு நாளில் இருந்தார்கள்.

காரணம் கேட்டேன். என் பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்திருந்தது, கைக்கு வரவில்லை. "எப்படியும் போக முடியாது. சொல்லி என்னா பண்றதுலா? உடைஞ்சு போயிடுவ. உங்கண்ணன்தான் வேணாம்னாரு" என்றார் குமார். அண்ணனை அழைத்தேன். "மாப்பிள்ளைதான் அங்க அவ தாங்கமாட்டான்னு சொன்னாரு பாப்பா" என்றான் அவன். இரண்டு பேரும் மாற்றி மாற்றி அடுத்தவரைக் கைகாட்டினார்கள். என் பங்குக்கும் சேர்த்து அண்ணியே வாய்க்கரிசி போட்டாராம். அதைச் சமாதானமாகச் சொன்னான், ஏதோ எனக்குப் பேருந்தில் இடம் பிடித்து வைத்தது மாதிரி.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். சாவு வீட்டில் கருமாதி முடியும்வரை வடச்சட்டி ஏறாது. எண்ணெயில் எதுவும் பொரியாது, தாளிப்புக்கூடக் கிடையாது. கட்டிக்கொடுத்த மகளுக்கு மூன்று நாள் போதும் என்பார்கள் சிலர். எங்கள் பக்கம் மகளும் பதினாறு நாள் இருப்பாள். நான் மூன்றாம் நாள் வடை சுட்டேன். எங்கள் வீட்டில் அப்பாவின் எலும்பைப் பொறுக்கிப் பாலூற்றிய காலை அது, போனில் தேதியும் நேரமும் பார்த்துவிட்டேன். அவர்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துக்கொண்டிருந்தபோது நான் அனுப்பிய படம் போயிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அண்ணன் கட்டைவிரலை உயர்த்தினான். எனக்கு எதிரே உட்கார்ந்து, எல்லாம் தெரிந்த மனிதர் நான்கு வடை தின்றார்.

என்னால் போக முடியாது என்பது உண்மைதான். அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அழுவதற்குப் பாஸ்போர்ட் எதற்கு? தரையில் உட்கார்ந்திருப்பேன். தலைக்குக் குளித்திருப்பேன். அடுப்பில் வடச்சட்டி ஏறாமல் பார்த்திருப்பேன். அவ்வளவுதான் கடல் கடந்து வந்த மகளால் செய்ய முடியும், அதையும் செய்யவிடவில்லை. என்னைப் போல் வந்து குடியேறிய பெண்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் கேமரா ரிப்பேர் என்று யாராவது சொல்கிறார்களா? சொன்னால் நம்பாதீர்கள். நம் நல்லதுக்கு என்று சொல்லித்தான் நம்மை வெளியே நிறுத்துகிறார்கள்.

அத்தையிடமும் கேட்டேன். அவர் முந்தானையைச் சுருட்டியபடி சொன்னார். "சொல்லியிருக்கணும்மா. என் மவன் வாயைக் கட்டிட்டான். சட்டி ஏறாம மட்டும் பார்த்துக்கலாம்னு நெனச்சேன், அதுவும் முடியல." பிறகு, "எங்கப்பாவுக்கு ஊர்லருந்து சாவு கடுதாசி வர ரெண்டு மாசம் ஆவும். படிச்ச அன்னைக்குத்தான் தலை முழுகுவாரு. கேட்ட அன்னைக்குத்தாம்மா சாவு. இன்னைலருந்து உனக்குப் பதினாறு" என்றார். அவர்மேலும் எனக்குக் கோபம் தீரவில்லை. கப்பலில் வந்த கடுதாசிகூட வேண்டுமென்று தாமதித்ததில்லை. ஆனாலும் அவர் சொன்ன கணக்கைப் பிடித்துக்கொண்டேன். அன்றே தலை முழுகினேன். குவாலியைக் கழுவிக் கவிழ்த்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். குமாரிடம், "பதினாறு நாளைக்கு இந்த வீட்டில் எதுவும் பொரியாது" என்றேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் காதில் வாங்கவில்லை.

ஐந்தாம் நாள் அம்மா வீடியோவில் வந்தார். கேமரா சரியாகிவிட்டதாம். பொட்டில்லாத அந்த நெற்றியை அன்றுதான் முதலில் பார்த்தேன். பேசவந்ததெல்லாம் மறந்துபோய் இருவரும் அழுதோம். அண்ணன் பிள்ளைகள் பக்கத்தில் நின்று கிழங்கு வடை, கிழங்கு வடை என்று அவர் சேலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். "தாத்தா போனதுலருந்து கேக்குதுக கண்ணு. இன்னைக்குச் சுட்டுத் தர்றேன்னு சொல்லிட்டேன்" என்று சொல்லிப் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு எழுந்தார். அங்கே தவறொன்றும் இல்லை, நாள் முடிந்துவிட்டது. போடாதே அம்மா என்று எந்த உரிமையில் சொல்வேன்? எண்ணெய் சலசலவென்று கொதிக்கும் சத்தம் என் சமையலறை முழுக்கக் கேட்டது. பின்னால் குமார் வெறும் சோறும் அவித்த கீரையும் தின்றுகொண்டிருந்தார். சத்தம் கேட்டு அவர் கை நின்றது. நான் திரும்பவில்லை. அம்மா முதல் வடையைத் திருப்பிப் போடுவதைப் பார்த்துக்கொண்டு ஈரத்தலையோடு தரையில் உட்கார்ந்திருந்தேன். அங்கே என் அப்பா செத்து இருபத்தோரு நாள். இங்கே செத்து ஐந்து நாள்.