எங்கள் வகுப்பில் ஆக மோசமாக வாசித்தவர்

வியாழக்கிழமை காலை, பாடசாலைக்குப் போகச் சேலை உடுத்திக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. என் வயலின் வகுப்பில் படிக்கும் ஆரணியின் தாயார். "ரீச்சர், பவானி அக்கா மோசம் போட்டா" என்றார். பிறகு அழுதார். நான் அழவில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது பயம். சனிக்கிழமை வகுப்பு இருக்கிறதே, அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் நான் தனியாகப் போய் எப்படி இருக்கப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். அங்கே ஒரு மனுசியின் உயிர் போயிருக்கிறது, இங்கே எனக்கு வகுப்பைப் பற்றிய கவலை! கேட்கிறவர்கள் காறித் துப்புவார்கள். ஆனால் பவானி அக்காவைத் தெரிந்த உங்களுக்கு, நான் ஏன் பயந்தேன் என்பது விளங்கும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோப்பாயில் எங்கள் வாசிகசாலை மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் நான் பிள்ளைகளுக்கு வயலின் பழக்குகிறேன். புத்தூரிலிருந்தும் சில பிள்ளைகள் பஸ்ஸில் வருவார்கள். தாய்மார் முறைவைத்துத் தேத்தண்ணி கொண்டுவருவார்கள். தகப்பன்மார் கூட்டிப் பாய் விரிப்பார்கள். மிருதங்க மாஸ்டர் நேரம் கிடைத்தால் வந்து தாளம் போட்டுக்கொடுப்பார். பவானி அக்கா அங்கே தாயுமில்லை, ஆசிரியையுமில்லை. அவர் மாணவி. ஐம்பது வயதைத் தாண்டிய மாணவி. வகுப்பிலேயே ஆக மோசமாக வாசித்தவரும் அவர்தான். அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் இப்படி எழுதலாமா என்று அவருடைய தங்கையிடம் கேட்டேன். "எழுதுங்கோ ரீச்சர். அக்கா இருந்தால் அதைத்தான் முதல் எழுதச் சொல்லியிருப்பா" என்றார்.

கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தவர், தங்கையின் மகளைக் கூட்டிக்கொண்டுதான் முதலில் வகுப்புக்கு வந்தார். அந்தப் பிள்ளை கொஞ்ச நாளிலேயே முகத்தைச் சுழித்துக்கொண்டு நின்றுவிட்டது. அடுத்த சனிக்கிழமை பவானி அக்கா மட்டும் வயலின் பெட்டியோடு வாசலில் நின்றார்.

"பிள்ளை எங்கை அக்கா?"

"அவள் டான்சுக்குப் போட்டாள். இது சும்மா கிடந்து என்ன செய்யிறது? நான் பழகட்டோ ரீச்சர்?"

"உங்களுக்கென்ன விசரோ?"

"கொஞ்சம்" என்றார், செருப்பைக் கழற்றிக்கொண்டே. கழற்றிவிட்டு நேராகப் போய்ச் சின்னப் பிள்ளைகளின் நடுவில் சப்பணமிட்டு இருந்தார். அது சிறுவர் வயலின். அவருடைய உடம்புக்கு அது விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், இதென்னடா கரைச்சல் என்ற எண்ணம் ஒரு பக்கம். ஒரு மாதம் தாங்கமாட்டார் என்று மிருதங்க மாஸ்டரிடம் சொன்னேன்.

என்னுடைய வாய் உங்களுக்குத் தெரியும். நான் பிள்ளைகளை அடிப்பதில்லை, அந்த வேலையையும் வாயே பார்த்துவிடும். சுருதி ஒரு நூலளவு விலகினாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படியிருந்தும் ஆரணியை மட்டும் நான் ஏசியதே இல்லை. அவள் வில் இழுப்பதைப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. நேராகப் போகும், நேராக வரும். அவளைக் காட்டித்தான் மற்றப் பிள்ளைகளுக்கு ஏச்சு விழும். ஒருநாள் "ஆரணி, நீ தனியா வாசி, இவையள் பாக்கட்டும்" என்றேன். பிள்ளை வெளிறிப்போனாள். வில்லை எடுத்தாள், இழுத்தாள். வில் போனது, வந்தது. ஒரு சத்தமும் இல்லை. எனக்குக் காது அடைத்துவிட்டதோ என்று நெஞ்சு திக்கென்றது. கிட்டப் போய்ப் பார்த்தேன். வில் தந்தியில் படவேயில்லை! ஒரு மயிரளவு மேலே, காற்றில் இழுத்துக்கொண்டிருந்தாள். சத்தம் வந்தால்தானே பிழை வரும், பிழை வந்தால்தானே ரீச்சர் ஏசுவா. அத்தனை மாதமும் அந்தப் பிள்ளை கூட்டத்துக்குள்ளே ஊமையாக இருந்திருக்கிறாள்.

ஏச வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்திலிருந்து துருப்பிடித்த கேற்றைத் தள்ளியது போல ஒரு சத்தம் எழும்பியது. எல்லாரும் திடுக்கிட்டுத் திரும்பினோம். பவானி அக்கா.

"அக்கா! உது என்ன சத்தம்?"

"என்ரை சத்தம் ரீச்சர். வடிவில்லைத்தான். எண்டாலும் என்ரை."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆரணியும் சிரித்தாள். சிரித்த சிரிப்பில் கை தளர்ந்து வில் தந்தியில் விழுந்து, பல்லி சொன்னது போல ஒரு சின்னச் சத்தம் வந்தது. "கேட்டியளே? என்னைவிட அவள் எவ்வளவு வடிவா வாசிக்கிறாள்" என்றார் பவானி அக்கா. அதற்குப் பிறகு ஏசுவதற்கு எனக்கு என்ன இருக்கிறது? போய் என் இடத்தில் இருந்துவிட்டேன்.

அன்றிலிருந்து அவர் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தார். வகுப்புத் தொடங்கமுதல், "முதல் பிழை என்ரை. மிச்சத்தை நீங்கள் பேந்து பங்கு போடுங்கோ" என்பார். சொன்னபடியே முதல் வரியில் எங்கேயாவது சறுக்குவார். நான் ஏசுவேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார். என் ஏச்சில் பாதி அவரோடேயே முடிந்துவிடும். பிள்ளைகளுக்கு வருவது மிச்சந்தான். புதிதாக வருகிற பிள்ளைகள் தாயை விட்டுவிட்டு அவருக்குப் பக்கத்தில்தான் பாயில் இடம் பிடித்தார்கள். அவர் வேண்டுமென்றே பிழை விடுகிறாரோ என்று எனக்கு ஐமிச்சம். கேட்டும் விட்டேன்.

"ஐயோ ரீச்சர், வேணுமெண்டு பிழை விடுற அளவுக்கு எனக்கு எங்கை வித்துவம்? எனக்கு வாறதே உவ்வளவுதான்."

பிள்ளையார் கோயில் திருவிழாவில் எங்கள் பிள்ளைகள் முதன்முதலாக மேடையேறிய நாளில் நான் திரைக்குப் பின்னால் நின்றேன். என் கைகள் ஐஸ் கட்டி மாதிரி. ஊரே முன்னால் இருக்கிறது, அதில் பாதிப்பேர் என் வகுப்பைப் பற்றிக் கதைப்பதற்கென்றே வந்தவர்கள். பிள்ளைகள் சிலைபோல இருந்தார்கள், அவர்களின் நடுவில் பட்டுச்சேலையோடு பவானி அக்கா. மைக் போட்டாயிற்று என்பது அவருக்குத் தெரியாது. "ஐயோ பிள்ளையள், எனக்குக் காலெல்லாம் நடுங்குது. ஆரும் கண்டுபிடிச்சிடுவினமோ?" என்றது கோயில் முழுக்கக் கேட்டது. சனம் கொல்லென்று சிரித்தது. எனக்கு மானம் போனது. ஆனால் அந்தச் சிரிப்பில்தான் பிள்ளைகளின் தோள் இறங்கியது, வாசிக்கவும் தொடங்கினார்கள். பவானி அக்கா நடுவில் ஓரிடத்தில் விட்டுவிட்டு, இரண்டு வரி தள்ளி ஓடிவந்து சேர்ந்துகொண்டார். முடிந்தபிறகு ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "எல்லாம் நல்லாயிருக்கு. அந்தப் பெரிய பிள்ளைக்குத்தான் இன்னும் கொஞ்சம் பழக்கவேணும்" என்றார். இதைச் சங்கக்கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர் பவானி அக்காதான்.

மாரி தொடங்கி, டெங்குக் காய்ச்சல் என்று அவரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது பார்க்கப் போனேன். நுளம்பு வலைக்குள்ளே அவ்வளவு பெரிய மனுசி சுருங்கிப்போய்க் கிடந்தார். என்னைக் கண்டதும், "ரீச்சர், எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார்.

"விசர்க்கதை கதையாதேங்கோ. ரெண்டு நாளிலை வீட்டை போயிடுவியள்."

"பயமாக் கிடக்கு எண்டு சொன்னால் ஏன் எல்லாரும் கதையை மாத்துறியள்? கொஞ்சம் பக்கத்திலை இருங்கோவன்."

கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். நெருப்பாகச் சுட்டது. பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தபோது, "பவானி அன்ரிக்கு ஊசியெண்டால் சரியான பயமாம் எண்டு பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ. சிரிக்கட்டும்" என்றார். நான் அதைப் பிள்ளைகளிடம் சொல்வதற்கு முன்பே வியாழக்கிழமை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை செத்தவீடு. பிள்ளைகள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். சனிக்கிழமை நான் போனபோது தகப்பன்மார் எனக்கு முதலே வந்து, மண்டபத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்கிக் கிடந்த சிரட்டை, யோகட் கப் எல்லாவற்றையும் பொறுக்கி, நுளம்புக்குப் புகை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் உயிர் இல்லை. "வகுப்பைக் கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டுவமோ ரீச்சர்?" என்று ஒருவர் கேட்டார். ஓம் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆரணியின் தாயார் முந்திக்கொண்டார். "இண்டைக்கு நிப்பாட்டினால் இதுகள் பேந்து வயலினைத் தொடாதுகள்." அது உண்மை என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். வேறு வழியில்லாமல் உள்ளே போனேன்.

பிள்ளைகள் அவரவர் இடத்தில் இருந்தார்கள். நடுவில் ஓர் ஆள் இருக்கிற அளவு பாய் வெறுமையாகக் கிடந்தது. அந்தப் பக்கம் ஒருவரும் பார்க்கவில்லை. சுருதிப்பெட்டியைப் போட்டுவிட்டு, "சரளி வரிசை. தொடங்குங்கோ" என்றேன். வில்லுகள் எல்லாம் ஒன்றாகப் போயின, ஒன்றாக வந்தன. சுருதிப்பெட்டியைத் தவிர வேறு சத்தமே இல்லை. ஆரணி மட்டுமல்ல, முழு வகுப்பும் காற்றில் இழுத்துக்கொண்டிருந்தது. அத்தனை சோடிக் கண்களும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்த வாயில் ஏச்சு வந்து முட்டிக்கொண்டு நின்றது. பயந்தால் எனக்கு ஏச்சுத்தான் வரும், வேறொன்றும் வராது. அதை வெளியே விட்டேனென்றால் அன்றோடு வகுப்பு முடிந்தது. இதுவரை அந்த ஏச்சை வாங்கி வைத்துக்கொண்ட ஆள் இப்போது இல்லை.

வயலினைத் தூக்கிக்கொண்டு எழும்பினேன். நடுவில் கிடந்த வெறும் இடத்தில் போய் இருந்தேன். வயலினை மற்றப் பக்கத் தோளுக்கு மாற்றி, வில்லை இடக்கையில் எடுத்தேன். சின்ன வயதிலிருந்து மேடையில் வாசிக்கிறவள் நான். வாசலில் தாய் தகப்பன்மார் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இழுத்தேன். முதலில் ஒன்றுமே வரவில்லை. பிறகு வந்த சத்தத்தை என்னவென்று எழுத? பூனையின் வாலை மிதித்தால் வருமே, அது. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்காததுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது. திரும்ப இழுத்தேன்.

"ரீச்சர், வில்லு மற்றக் கை" என்றது ஒரு சின்னக் குரல். ஆரணி.

"தெரியும். இந்தக் கைக்கு ஒண்டும் தெரியாது. நீதான் பழக்கவேணும்."

அவள் வாசலில் நின்ற தாயைப் பார்த்தாள். பிறகு தன் வயலினைப் பாயில் வைத்துவிட்டு என் அருகில் வந்தாள். என் பெருவிரலை மடக்கினாள், சின்னவிரலை எடுத்து வில்லின் மேல் வைத்தாள். நான் வில்லைத் தந்திக்குக் கிட்டக் கொண்டுபோய், படாமல் மேலேயே வைத்திருந்தேன்.

"நீங்கள் முட்டப் பயப்பிடுறியள் ரீச்சர்" என்றாள். "தந்தியிலை முட்டுங்கோ. முட்டாட்டில் ஒண்டும் கேக்காது."

முட்டினேன். இந்த முறை புத்தூர்ப் பிள்ளை ஒன்று பக்கென்று சிரித்தது. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். வாசலில் நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் அங்கேதான் அழுதேன், வியாழக்கிழமை வராத அழுகையெல்லாம் சேர்ந்து, பிள்ளைகளின் நடுவில் இருந்துகொண்டே. பவானி அன்ரிக்கு ஊசிக்குப் பயமாம் என்று அவர்களுக்கு அப்போதுதான் சொன்னேன்.

அவருடைய வயலினை, என்னிடமே இருக்கட்டும் என்று தங்கை கொண்டுவந்தார். வேண்டாம், வயலின் இல்லாத ஒரு பிள்ளைக்குப் போகட்டும் என்றேன். அவரிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது பாயில் அந்த இடத்தைத்தான். வகுப்பில் ஆக மோசமாக வாசிப்பவர் இருக்கவேண்டிய இடம் அது. ஒவ்வொரு சனிக்கிழமையும் முதலில் கொஞ்ச நேரம் அங்கிருந்து இடக்கையால் வாசிக்கிறேன். சைக்கிளில் வரும்போதே நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிடும். பயம் விடவில்லை. விடும் என்றும் நான் நினைக்கவில்லை. பிள்ளைகள் முறைவைத்து என்னை ஏசுகிறார்கள், அதுவும் என்னுடைய சொற்களாலேயே. போன கிழமை ஆரணி தலையில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஐயோ ரீச்சர், பவானி அன்ரி உங்களைவிட எவ்வளவோ வடிவா வாசிச்சவா!"