நான் சொன்ன மணல்வாரி

எங்கள் வீட்டில் எந்த நோய்க்கும் முதலில் பேர் வைப்பவன் நான்தான். இருமினால் வறட்டு இருமல், கால் வலித்தால் வாயு என்று டாக்டருக்கு முன்னால் சொல்லிவிடுவேன். காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவை டிசைனுக்கு தறியில் மாட்டும் ஜக்கார்டு ஓட்டை அட்டை அடித்துக் கொடுக்கிற கடை எனக்கு. அட்டையில் ஓர் ஓட்டை இடம் மாறினால் அந்தத் தப்பு புடவை முழுக்க வந்துகொண்டே இருக்கும். அந்தத் தொழிலில் இருபது வருஷம் பேர் கெடாமல் ஓட்டியவனுக்கு உடம்பு சமாசாரம் தெரியாமல் போகுமா என்று ஒரு நினைப்பு. கொழுப்பு என்றும் சொல்லலாம்.

என் தங்கை கல்யாணமாகி இங்கிலாந்தில் இருக்கிறாள். மகளுக்குப் பதினோரு மாதம் ஆனபோது முடி இறக்க ஊருக்கு அழைத்து வந்தாள். எங்கள் குலதெய்வக் கோயில் தென்னேரிப் பக்கம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டையும் காதுகுத்தும். நல்ல சித்திரை வெயில். மாமன் சீராக நானே ஆசைப்பட்டு நெய்யச் சொன்ன குட்டிப் பட்டுப்பாவாடை, சட்டை, கெட்டிச் சரிகை. காலையில் போட்டதைச் சாயங்காலம் வரை கழற்ற விடவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் பார்க்க வேண்டுமே.

மறுநாள் குழந்தையின் கழுத்திலும் முதுகிலும் பொடிப்பொடியாகச் சிவந்திருந்தது. உடம்பு லேசாகச் சுட்டது. டாக்டரிடம் போகலாம் என்றாள் தங்கை. நான் ஒரு பார்வை பார்த்தேன்.

"மணல்வாரிம்மா இது. தட்டம்மை. அம்மா வந்துக்கிறா. ஆஸ்பத்திரிக்கு எல்லாம் தூக்கினு அலையாத."

வாசலில் வேப்பிலை செருகினோம். தாளிப்பை நிறுத்தினோம். மூன்றாம் நாள் புள்ளிகள் மறைந்துவிட்டன. வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றினோம். நான்காம் நாள் அவர்களுக்கு விமானம். அம்மன் சீக்கிரம் மனசு இறங்கிவிட்டாள் என்று ஏர்போர்ட் வரை பேசிக்கொண்டே போனேன்.

மூன்று வருஷம் கழித்து ஒரு புதன்கிழமை மதியம் தங்கை போன் செய்தாள். அங்கே காலை நேரம். குரல் சரியில்லை.

"அண்ணா, இவ போற நர்சரில ஒரு பையனுக்கு தட்டம்மை. நேத்து ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து வெளையாடிக்கிறாங்க. அந்தப் பையன ஆஸ்பத்திரில சேத்துட்டாங்க. இவளுக்கு ஊசி போட்டாச்சான்னு கேக்கறாங்க."

"போட்டாச்சுன்னு சொல்லேன்."

"போடலண்ணா."

எனக்குப் புரியவில்லை. அத்தனை வசதியான நாடு, ஊசியும் இலவசம். பிறகு அவளே சொன்னாள். ஊரிலிருந்து திரும்பியதும் ஊசிக்குக் கடிதம் வந்திருக்கிறது. அந்த மாதம் வீடு மாற்றினார்கள். புது ஊரில் புது கிளினிக்கில் பேர் பதிய வேண்டும், நாள் கேட்டு போனில் காத்திருக்க வேண்டும். இதற்கு நடுவில் மாப்பிள்ளையின் போனில் யார் யாரோ வீடியோ அனுப்பினார்கள், இந்த ஊசி போட்டால் குழந்தை பேச்சு மறந்துவிடும் என்று. அது பொய் என்று டாக்டர்கள் சொன்னதையும் அவர் படித்திருக்கிறார். ஆனாலும் பயம் போகவில்லை. அவருக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது. அதை நான் கொடுத்திருந்தேன். வந்தவர்களுக்குத்தான் தட்டம்மை மறுபடி வராதே, மச்சானே பார்த்துச் சொன்னாரே என்று நிம்மதியாக இருந்துவிட்டார்கள்.

இப்போது அங்கே, அம்மை வந்து போனதற்கு டாக்டர் சீட்டு கேட்கிறார்களாம். "அங்க ஒரு டாக்டர் கிட்ட எழுதி வாங்கி அனுப்புண்ணா" என்றாள். அது ஒரு பெரிய வேலையா என்று வண்டியை எடுத்தேன்.

எங்கள் தெருவுக்குத் தடுப்பூசி போட வரும் நர்ஸம்மாவை முதலில் பிடித்தேன். சுகாதார நிலையத்தில் சாப்பிட்டுவிட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எத்தினாவது நாள் தண்ணி ஊத்தினீங்க?"

"மூணாவது நாள்."

"மணல்வாரிக்கா?" என்று சிரித்தார். "ஜொரம் விட்டு, எல்லாம் எறங்கவே ஒரு வாரம் ஆவும்பா. இருமல் இருந்துச்சா? கண்ணு செவந்துச்சா? படம் இருக்குதா?"

இருந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, சரிகைச் சட்டைக்குள் குழந்தை வேர்த்து வழிந்துகொண்டிருந்தது. அடுத்தது மறுநாள் எடுத்த படம். கழுத்தில் சிவப்பு, கையில் இட்லி, வாயெல்லாம் சிரிப்பு.

"சித்திர வெயில்ல இத்த மாட்டி வெச்சா வேர்க்குரு வராம என்னா வரும்? படத்த பாத்து நான் சர்ட்டிபிகேட் குடுக்க முடியாது. ஆனா ஒண்ணு கேட்டுக்க. நெசமாவே வந்திருந்தாலும் ஊசி போட்டா ஒண்ணும் கெட்டுப்போவாது. நோய் இருக்கற கொழந்தகூட இருந்த மூணு நாளுக்குள்ள போட்டா தடுக்க வாய்ப்பு இருக்குது. சீட்டுக்கு அலையாத. போன போடு."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நோயும் நான் சொன்னது, வேர்க்குருவும் என் பட்டுப்பாவாடை கொடுத்தது. அங்கேயே நின்று மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். மாப்பிள்ளையிடம் நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அதட்டவும் முடியாது.

"மாப்ள, நான் சொன்னது தப்பு. அது அம்மையே இல்ல. தெரியாம உளறிட்டேன். கொழந்தைய இன்னிக்கே இட்டுக்கினு போங்க."

 அவர் கேட்டார். "உங்க பசங்களுக்குப் போடும்போது பயமா இல்லையா மச்சான்?"

"யோசிக்கவே விடல மாப்ள. நர்ஸம்மா வாசல்ல வந்து நின்னுது, ரெண்டு தடவையும். போனோம், போட்டோம்."

"இங்க யாரும் வாசல்ல வர மாட்டாங்க மச்சான். கடுதாசி வரும். அப்புறம் எல்லாம் நாமளேதான் முடிவு பண்ணணும்."

அதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நர்ஸம்மா கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். அந்தப் பேச்சு மறக்கிற வீடியோவைப் பற்றி மாப்பிள்ளை கேட்க, நர்ஸம்மா பொறுமையாகப் பத்து நிமிஷம் பதில் சொன்னார். நான் சொல்லியிருந்தால் சண்டையில் முடிந்திருக்கும்.

மறுநாளே ஊசி போட்டார்கள். ஆனாலும் மூன்று வாரம் கவனிக்க வேண்டும் என்றார்களாம். நர்சரிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள் தங்கை. அந்த மூன்று வாரமும் எனக்கு வேலை ஓடவில்லை. தினமும் வீடியோவில் பார்ப்பேன். குழந்தை சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டி, "ஒண்ணும் இல்ல மாமா" என்று சொல்லப் பழகிவிட்டது. ஒரு நாள் இருமியது. வறட்டு இருமல் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "டாக்டருக்குப் போன் பண்ணும்மா" என்றேன். சாதாரணச் சளிதான்.

மூன்று வாரம் முடிந்து, ஒரு திங்கள்கிழமை நர்சரி வாசலில் நின்றுகொண்டு தங்கை கூப்பிட்டாள். அந்தப் பையனும் பிழைத்து வந்துவிட்டானாம். "இங்க பாருண்ணா" என்று போனைத் திருப்பினாள். குழந்தை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, டாட்டா கூடக் காட்டாமல் உள்ளே ஓடிவிட்டது. அப்புறம் கதவு மட்டும் தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வெச்சிடட்டாண்ணா?"

"வையிம்மா."

கடையில் டிசைன் வாங்க வந்தவர் உட்கார்ந்திருந்தார். இருக்கட்டும் என்று அவர் எதிரிலேயே அழுதேன்.